முன்பக்க ஹெட்போன் துளையில் சத்தம் வரவில்லையா? கேஸிங் வயரைப் பாருங்கள்

கிளிநொச்சியில் நான் கணினி திருத்தும் மேசைக்கு, “அண்ணை, பின்னுக்குச் சத்தம் வருகுது, முன்னுக்கு வருகுதில்லை” என்று சொல்லிக்கொண்டு கேஸிங்கையும் தூக்கி வருகிற பிள்ளைகள் அதிகம். மல்லாவியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். சிலர் மதர்போர்ட் பழுது என்று நினைத்து யுஎஸ்பி சவுண்ட் கார்டும் வாங்கிவிட்டார்கள். பெரும்பாலும் போர்டில் ஒரு குறையும் இராது. முன்பக்கத் துளையிலிருந்து போர்டுக்கு வரும் வயரின் முனையில் உள்ள விரல்நகம் அளவு பிளக் தவறான இடத்தில் இருக்கும், அல்லது செருகப்படாமலே தொங்கும்.

அந்தப் பிளக் செருக வேண்டிய முன்பக்க ஓடியோ பின்கள் பெரும்பாலும் போர்டின் கீழ் மூலையில், பின்பக்க ஒலித் துளைகள் உள்ள பக்கமாக இருக்கும். அருகே எழுதியிருக்கும் பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறும்: அசூஸில் ஏஏஎஃப்பி, எம்எஸ்ஐயில் ஜேஏயுடி1, கிகாபைட்டில் எஃப்_ஓடியோ, ஏஎஸ்ராக்கில் எச்டி_ஓடியோ1.

எனக்கு மிகவும் பயம் தருவது இந்த ஓடியோ பிளக்கை யுஎஸ்பி 2.0 பின்களில் மாற்றிச் செருகுவதுதான். இரண்டுமே ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, இரண்டிலும் ஒரு பின் இல்லை. இல்லாத அந்தப் பின்னைத்தான் பார்க்க வேண்டும். யுஎஸ்பியில் இல்லாதது 9ஆவது, அதாவது மூலையில் உள்ளது. ஓடியோவில் இல்லாதது 8ஆவது, வரிசையின் கடைசிக்கு முந்தையது. பிளக்கிலும் அதே இடத்துத் துளை அடைபட்டிருக்கும். நுழைய மறுத்தால் அழுத்தாதீர்கள், இடம் பிழை என்று அர்த்தம். யுஎஸ்பியின் 1ஆம், 2ஆம் பின்களில் 5 வோல்ட் நிற்கிறது. ஓடியோ வயரின் 2ஆம் இடமோ கிரவுண்ட், அதாவது தரை இணைப்பு. பலவந்தமாக ஏற்றினால் ஷோர்ட் ஆகிப் போர்டே போகலாம். கணினியை நிறுத்தினால் மட்டும் போதாது, நிறுத்திய பிறகும் போர்டில் 5 வோல்ட் இருக்கும். சுவரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுத்தான் கைவையுங்கள். ஒரு பின் வளைந்துவிட்டால், எழுதும் குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் நுனியை அதில் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம்.

அடுத்தது, ஒரே வயரின் முனையில் தொங்கும் இரண்டு பிளக்குகள். ஒன்றில் எச்டி ஓடியோ என்றும் மற்றதில் ஏசி97 என்றும் இருக்கும். ஏசி97 என்பது 1997இல் வந்த பழைய முறை, எச்டி 2004இல் வந்தது. இன்றைய போர்டுகளுக்கு எச்டி பிளக் மட்டும் போதும், மற்றதை அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றிச் செருகினாலும் அது உள்ளே போய்விடும், அதுதான் ஏமாற்றுகிறது. 6ஆம், 10ஆம் பின்கள் எச்டியில் “துளையில் ஏதோ செருகியிருக்கிறார்கள்” என்று போர்டுக்குச் சொல்பவை. ஏசி97இலோ அவை சத்தத்தைப் பின்பக்க ஸ்பீக்கருக்குத் திருப்பி அனுப்பும் வழி. அதனால் ஹெட்போன் மாட்டியதைக் கணினி சரியாக அறியாது.

கொழும்பிலிருந்து வரும் பழைய கேஸிங்குகள் சிலவற்றில் ஏசி97 மட்டுமே உண்டு. அப்போது பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) முன்பக்க வகையை ஏசி97 என்று மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ரியல்டெக் என்ற ஒலி மென்பொருளில், முன்பக்கத் துளையைக் கண்டறிவதை நிறுத்தும் தெரிவு இருக்கலாம்.

உஸ்ஸென்ற இரைச்சல் கேட்டால் வயர் கிராஃபிக்ஸ் கார்டை ஒட்டிப் போகிறதா என்று பார்த்து, தள்ளி விடுங்கள். வன்னிப் புழுதி துளைக்குள் படிந்தாலும் கரகரக்கும். அப்புறம், ஒற்றைத் துளை கேஸிங்குக்கு, மைக்கும் சேர்ந்த மூன்று கறுப்பு வளையப் பிளக் உள்ள ஹெட்செட் வேண்டும். தனித்தனித் துளைகள் இருந்தால் அந்த ஹெட்செட்டின் மைக் வேலை செய்யாது, பிரிப்பு வயர் ஒன்று தேவை.

பக்கத் தகட்டைப் பூட்டுவதற்கு முன்பே ஹெட்போனை முன்னால் மாட்டி, விண்டோஸில் வெளியீட்டை மாற்றி, ஒரு பாட்டு போட்டுப் பாருங்கள். மைக்கிலும் இரண்டு வார்த்தை பேசிப் பதிவு செய்து கேளுங்கள்.