கடிகாரம் மாறும் இரவும் கிரான் ஜாப்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் கடிகாரத்தை யாரும் முன்னும் பின்னும் நகர்த்துவதில்லை. அதனால் சென்னையிலிருந்து அமெரிக்க சர்வர்களைக் கவனிக்கும் பிள்ளைகளுக்கு டேலைட் சேவிங் (கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, பிறகு திருப்புவது) என்றால் மீட்டிங் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் சர்வர் தானாக ஓட்டும் வேலை) வைப்பதில் ஒவ்வொரு புது பேட்ச்சும் அதே குழியில் விழுவதைப் பார்த்து அலுத்துவிட்டது. சர்வர் எந்த டைம்ஸோனில் இருக்கிறது என்று பார்க்காமல் ஜாப் போடுவதைப் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது ஒரு முறை அடிபட்டால் தானாகப் புரியும்.

ஈஎஸ்டி என்று எழுதுவது

ஈஎஸ்டி (அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம்) வருடம் முழுக்க யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, 5 மணி நேரம் பின்னால்தான். கோடையில் நியூயார்க் 4 மணி நேரம்தான் பின்னால் இருக்கும். டைம்ஸோனாக ஊர்ப் பெயரைக் கொடுங்கள்.

மார்ச்சை மட்டும் சோதிப்பது

மார்ச் இரண்டாம் ஞாயிறன்று நியூயார்க்கில் அதிகாலை 2 மணி நேரே 3 ஆகிவிடும். 2:30-க்கு வைத்த ஜாப் ஓடாமல் போகலாம். சரி, காலையில் ரிப்போர்ட் வரவில்லை என்று யாராவது கத்துவார்கள், கையால் ஓட்டிவிடலாம்.

காசைப் பிடுங்குவது நவம்பர் முதல் ஞாயிறு. 2 மணி ஆனதும் கடிகாரம் 1-க்குத் திரும்பும். அன்று 1:30 இரண்டு முறை வரும். வாடிக்கையாளர் கணக்கிலிருந்து மாதச் சந்தாவை எடுக்கும் ஜாப்பை அந்த நேரத்தில் வைத்தால்?

"அதெல்லாம் கிரானே பார்த்துக்கும் சார்" என்பார்கள். டெபியன் லினக்ஸின் கிரான் பார்த்துக்கொள்ளும்தான், ஆனால் மணி, நிமிடம் இரண்டும் குறிப்பிட்ட எண்ணாக இருந்தால் மட்டும். நிமிடத்தில் நட்சத்திரக் குறி (எல்லா நிமிடமும் என்று பொருள்) இருந்தால் மறுபடியும் ஓட்டும். எனக்குத் தெரிந்த ஒரு குழு, கிரான் பழசு என்று சொல்லி, மணி 1:30 ஆகிவிட்டதா என்று பார்க்கும் பைத்தான் ஸ்கிரிப்டை எழுதிக்கொண்டது. கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. நவம்பரில் எல்லோருக்கும் இரண்டு முறை பணம் போனது. லாக்கை (ஓட்டங்களின் பதிவை) திறந்தால் 1:30 என்று இரண்டு வரிகள். யூடிசி வித்தியாசத்தை லாக்கில் எழுதாததால், லாக்தான் இரட்டிப்பாகிவிட்டது என்று ஞாயிறு முழுக்க வாதாடினார்கள். இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

அப்புறம் 'லாக் ஃபைல்' (இது பதிவு அல்ல, ஒரே நேரத்தில் இரண்டு ஓடாமல் தடுக்கும் பூட்டு) போட்டுவிட்டோம் என்றார்கள். முதல் ஓட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்து பூட்டைத் திறந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து வரும் இரண்டாவதை அது எப்படித் தடுக்கும்? எந்தத் தேதிக்கான வசூல், எந்தக் கணக்கு என்பதை டேட்டாபேஸில் யுனிக் கீயாக (இரண்டாம் முறை பதிய முடியாத சேர்க்கையாக) வையுங்கள். பத்து முறை ஓடினாலும் பணம் ஒரு முறைதான் போகும். முடிந்தால் ஜாப்பை 4 மணிக்கே தள்ளிவிடுங்கள்.

யூடிசிக்கு மாற்றினால் தீர்ந்தது என்பது

பேக்கப்புக்குச் சரி. நியூயார்க்கில் 8 மணிக்கு மேசையில் இருக்க வேண்டிய ரிப்போர்ட்டை யூடிசி 12:30-க்கு வைத்தால், குளிர்காலத்தில் 7:30-க்கு வரும், கோடையில் 8:30-க்கு.

நேற்று என்றால் 24 மணி நேரம் என்பது

அந்த ஞாயிறுகளுக்கு 23 அல்லது 25. தேதியை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஐரோப்பாவும் அதே நாளில் மாறும் என்பது

மாறாது. அங்கே மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு.

டைம்ஸோன் தரவைப் புதுப்பிக்காமல் விடுவது

அரசாங்கங்கள் நினைத்தால் விதியை மாற்றும். மெக்சிகோ 2022-இல் பெரும்பாலான பகுதிகளில் டேலைட் சேவிங்கைக் கைவிட்டது. எகிப்து 2023-இல் மீண்டும் கொண்டுவந்தது. ஜாவா தனக்கென்று தனிப் பிரதி வைத்திருக்கும், ஓஎஸ்ஸை மட்டும் புதுப்பித்தால் போதாது.