பாலர் வகுப்பில் மன்னிப்பைச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டியவை

மே மாத வி.பி.எஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) இந்த வருஷமும் அது நடந்தது. ஒரு பையன் இன்னொருத்தன் கையிலிருந்த கிரயானைப் பிடுங்கி உடைத்துவிட்டான். உதவிக்கு வந்திருந்த கல்லூரி மாணவி ஓடிப்போய், "நீ சாரி சொல்லு, நீ பரவாயில்லைனு சொல்லு, ரெண்டு பேரும் கை கொடுங்க" என்று அரை நிமிஷத்தில் முடித்துவைத்தார். கிரயானைப் பறிகொடுத்தவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே கையை நீட்டினான். சபையில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு எடுக்க ஆரம்பித்த புதிதில் நானும் அச்சு அசலாக இதையே செய்தேன். பாடத்தைப் படித்துவிட்டு வாருங்கள், நேரத்துக்கு வாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

காயப்பட்ட பிள்ளையை அவசரப்படுத்துவது

என் வகுப்பில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி, இரண்டு ஞாயிறு உட்கார்ந்து ஐஸ் குச்சிகளை ஒட்டி நோவாவின் பேழை செய்தாள். பக்கத்திலிருந்தவன் அதை மிதித்துவிட்டான், வேண்டுமென்றேதான். அவள் அழுகையை நிறுத்துவதிலேயே நான் குறியாக இருந்தேன், பேழையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏழெழுபதுதரம் மன்னிக்கணும்னு இயேசப்பா சொல்லியிருக்காரில்ல?" என்று அவளிடம் கேட்டேன், மிதித்தவனிடம் ஒன்றுமே கேட்கவில்லை. "சரி டீச்சர்" என்றாள். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவள் அம்மாவிடம் விசாரித்தால், "இயேசப்பாவுக்கு அவனைத்தான் பிடிக்கும்னு சொல்றா டீச்சர்" என்றார்.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அந்த வசனம் பைபிளில் மத்தேயு 18:22. அதே அதிகாரத்தில் 15ஆம் வசனம், குற்றம் செய்தவனிடம் போய் அவன் குற்றத்தை உணர்த்து என்கிறது. நாம் அதைத் தாண்டிக் குதித்து நேரே 22க்குப் போய்விடுகிறோம். யோசேப்பைப் பாருங்கள். 17 வயதுப் பையனை அவன் அண்ணன்மாரே 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். 30 வயதில் எகிப்து ராஜாவான பார்வோன் முன் நின்றான். ஏழு வருஷம் விளைச்சல், இரண்டு வருஷம் பஞ்சம் போன பிறகுதான் தானியம் வாங்க வந்த அண்ணன்மாரிடம் "நான் யோசேப்பு" என்று வாய்விட்டு அழுதான். அதற்கு முன் அவர்களை மூன்று நாள் காவலிலும் வைத்தான். ஐந்து வயசுக்கு நாம் கொடுப்பது அரை நிமிஷம்.

இப்போது நான் முதலில் உடைந்த பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். "இதை அவன் மிதிச்சிட்டான், அது தப்பு" என்று இரண்டு பேர் காதிலும் விழும்படி சொல்கிறேன். அப்புறம் மிதித்தவனுக்கு வரி வசூலித்த சகேயுவின் கதை: அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றானே, நீ உட்கார்ந்து ஒட்டிக்கொடு என்கிறேன். அவளுக்குக் கோபம் தீரவில்லையா, அதை அப்படியே இயேசப்பாவிடம் சொல்லச் சொல்கிறேன்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மன்னிப்பது என்றால் வெளியே சொல்லாமல் இருப்பது என்று ஒரு குழந்தை புரிந்துகொண்டால், பெரியவர் யாராவது தப்பாகத் தொட்டாலும் அது வாயைத் திறக்காது. "யார் உன்னைக் கஷ்டப்படுத்தினாலும் அம்மாகிட்டயோ என்கிட்டயோ சொல்லணும், சொன்னா இயேசப்பா கோவிச்சுக்க மாட்டார்" என்று ஒவ்வொரு மன்னிப்புப் பாடத்திலும் சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.

'கடன்' என்றால் என்னவென்று சொல்லாமல் விடுவது

இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வருகிறது; இங்கே கடன் என்றால் நாம் செய்த தப்பு. ஒரு பையன் என் சேலையைப் பிடித்து இழுத்து, "எங்கப்பா கடனையும் மன்னிப்பாரா டீச்சர்?" என்று கேட்டான். வீட்டில் என்ன பேச்சு ஓடுகிறதோ, அதை வைத்துத்தானே பிள்ளைகள் ஜெபத்தைப் புரிந்துகொள்ளும். பதினாயிரம் தாலந்துக் கடன் மன்னிக்கப்பட்டவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனை மன்னிக்காத உவமையைச் சொல்லும்போது, தாலந்து என்ற அந்தக் காலப் பணக் கணக்கில் இறங்காதீர்கள். ஒரு லாரி அரிசி, ஒரு கைப்பிடி அரிசி என்றால் போதும்.

"இயேசப்பா கண்ணைக் குத்துவார்"

சொல்லாதீர்கள். விளையாட்டுக்குக்கூட.

வசனம் ஒப்பித்தால் மிட்டாய்

வேண்டாம்.

நாம் மன்னிப்பு கேட்காமல் இருப்பது

ஒரு கட்டு ஐஸ் குச்சியும் பசையும் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். "உன் பேழையை டீச்சர் பார்க்கவே இல்லை, அது என் தப்பு, என்னை மன்னிச்சிடு" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. குச்சிகளை வாங்கித் தரையில் வைத்து எண்ண ஆரம்பித்தாள்.