மீன் கரையேறிய கதையில் நாம் செய்யும் தவறுகள்

குளம் வற்றியது, தவித்துப்போன மீன் துடுப்பை ஊன்றிக் கரையேறியது, அப்புறம் அந்தத் துடுப்பே காலாக மாறியது. பரிணாமம் என்றதும் பலர் சொல்லும் கதை இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசை தலைகீழ்: கால் முதலில் வந்தது, கரை பிறகுதான்.

கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டெகா என்ற பழங்கால நான்கு கால் விலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வயது சுமார் 36.5 கோடி ஆண்டுகள். 1987-இல் புதைபடிவ ஆய்வாளர் ஜென்னி கிளாக்கின் குழு அங்கே சேகரித்த புதைபடிவங்களைப் பாறையிலிருந்து பிரித்தெடுத்தபோது முன்காலில் எட்டு விரல்கள் தெரிந்தன. விரல் இருந்தால் நடந்திருக்குமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். மணிக்கட்டு உடல் எடையைத் தாங்கும் அளவுக்கு உறுதியாக இல்லை. விலா எலும்புகள் குட்டை. வாலில் மீனுக்கு இருப்பது போன்ற அகலமான துடுப்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், செவுளைத் தாங்கிய எலும்புகளில் ரத்தக் குழாய்கள் ஓடிய பள்ளம் இன்னும் தெரிகிறது. காலும் விரலும் இருந்தும் தண்ணீருக்குள்ளேயே வாழ்ந்த விலங்கு அது.

நுரையீரலும் அப்படித்தான். ஆக்சிஜன் குறைந்த நீரில் மேலே வந்து காற்றை விழுங்கிய மீன்களுக்கே அது இருந்தது. நுரையீரல் மீன்கள் இன்றும் அதைத்தான் செய்கின்றன. 'வாழும் புதைபடிவம்' எனப்படும் சீலகாந்த் மீன் பிரபலம் என்றாலும், உயிரோடு இருக்கும் மீன்களில் நமக்கு நெருங்கிய உறவு இந்த நுரையீரல் மீன்கள்தான்.

ஆதியிலிருந்தே ஐந்து விரல் என்பதும் தவறு. இன்னொரு பழங்கால நான்கு கால் விலங்கான இக்தியோஸ்டெகாவின் பின்காலில் ஏழு, ரஷ்யாவில் கிடைத்த டுலர்பெட்டானுக்கு ஆறு.

2004-இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த, கால் போன்ற துடுப்புள்ள டிக்டாலிக் என்ற மீனை நம் நேரடிப் பாட்டனாகச் சொல்வது இன்னொரு பழக்கம். அதன் வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். போலந்தின் ஒரு பழைய கல்குவாரியில் சுமார் 39 கோடி ஆண்டு பழைய, நான்கு கால் விலங்குகளின் காலடித் தடங்கள் இருப்பதாக 2010-இல் அறிவித்தார்கள். அவை காலடிகள்தானா என்ற சர்ச்சை ஓயவில்லை. காலடிகள்தான் என்றால் டிக்டாலிக்குக்கு முன்பே நான்கு கால் விலங்குகள் இருந்திருக்கின்றன; அப்போது டிக்டாலிக் ஒரு பக்கக் கிளை உறவு.

கடைசியாக, 'மீன், தவளை, பல்லி, மனிதன்' என்ற ஏணிப்படி. தவளை நம் மூதாதை இல்லை, தூரத்துப் பங்காளி. தவளையின் சாயல் கொண்ட டிரையடோபாட்ராக்கஸ் மடகாஸ்கரில் வாழ்ந்தது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பல்லி போன்ற ஹைலோனோமஸ் கனடாவில் அதற்கு ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகள் முன்பே ஓடிக்கொண்டிருந்தது.