வாக்குவம் கிளீனர் மோட்டார்: கார்பன் போதுமா, புதுசே வேண்டுமா?

மதுரை சிம்மக்கல் பக்கம் பட்டறை வைத்து மிக்ஸியும் வாக்குவம் கிளீனரும் பழுது பார்க்கிறேன். இரண்டுக்கும் ஒரே இன மோட்டார்தான்: நடுவில் சுழலும் ஆர்மேச்சர், சுற்றிலும் அசையாத ஃபீல்டு காயில், சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்க உரசி நிற்கும் இரண்டு கார்பன் கட்டை. மிக்ஸிக்குக் கார்பன் மாற்றத் தயங்காதவர்கள்கூட, வாக்குவம் கிளீனரில் தீப்பொறி பறந்தால் "மோட்டார் போச்சு, புதுசு போட்டுடுங்க" என்கிறார்கள். திறந்து பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்பனை வெளியே எடுங்கள். புது நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஒன்று நன்றாக இருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து, கார்பன் உரசுகிற செம்பு வளையம், அதாவது கம்யூட்டேட்டர். மோட்டாரின் ஆயுள் அங்கேதான் தெரியும். கையால் மெல்லச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சீரான பழுப்பு நிறம் இருந்தால் தொட வேண்டாம். லேசாகக் கருத்திருந்தால் நைஸான உப்புத்தாளால் துடைத்து, வளையத்தின் செம்புப் பட்டைகளின் இடுக்கில் அடைந்த கரியைச் சுரண்டி எடுங்கள். எமரித்தாள் கூடாது, அதன் தூள் கரண்டைக் கடத்தும்.

சில பட்டைகள் மட்டும் கரிந்து குழி விழுந்திருந்தால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மாறினால் காயில் அறுந்திருக்கும், இல்லை ஷார்ட் ஆகியிருக்கும். பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் (நடுத்தண்டு) தொடர்பே காட்டக் கூடாது.

ஆர்மேச்சர் போயிருந்தால் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டாதீர்கள், புது மோட்டாரே போடுங்கள். ஒத்தக்கடை வாட்டர் சர்வீஸ்காரர் ஒருவருக்குச் செலவு குறையட்டும் என்று நான் கட்டிக் கொடுத்தேன். இருபது நாளில் பேரிங் உடைந்து ஃபேன் உரசித் திரும்பி வந்தது. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற பொருளில் கம்பியின் எடை ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலே அதிரும். அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அந்த வேலையை எடுப்பதில்லை.

கீச்சென்ற சத்தம் மட்டும்தான் என்றால் பேரிங்கை மாற்றினால் போதும். பல மோட்டார்களில் 608 சைஸ்தான் இருக்கும், உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22. ஃபேன் நட்டைக் கழற்றும்போது பலத்தைக் காட்டாதீர்கள், சிலதில் இடப்பக்க மரை இருக்கும், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும்.

புதுக் கார்பன் போட்டதும் முழு கரண்ட் கொடுக்க வேண்டாம். 200 வாட்ஸ் குண்டு பல்பை சீரியஸில் போட்டு அரை மணி நேரம் மெதுவாக ஓட விடுங்கள். கார்பன் முனை வளையத்தின் வளைவுக்குத் தேய்ந்து உட்காரும். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

மேலூர் கிரானைட் பட்டறைகளிலிருந்து வரும் மெஷின்களில் பாதிக்கு மேல் ஃபில்டர் கல்தூளால் அடைத்துத்தான் இருக்கும். உறிஞ்சுகிற காற்றாலேயே குளிர்கிற மோட்டார் என்றால், காற்று நின்றதும் அது வெந்துபோகும். அந்த ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் புது மோட்டாரை மாட்டாதீர்கள்.