உருளையை அளப்பது எப்படி? கிணற்று உறையிலிருந்து பைக் என்ஜின் வரை

உருளையின் கொள்ளளவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த வாய்பாடு எல்லோருக்கும் தெரியும்: பை × ஆரத்தின் வர்க்கம் × உயரம். வேலையிடத்தில் ஆரத்தை யாரும் அளக்க முடியாது, நடுப்புள்ளி எங்கே என்றே தெரியாது. கையில் கிடைப்பது விட்டம்தான். அதனால் வாய்பாட்டை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

கொள்ளளவு = 0.7854 (பையில் கால் பங்கு) × விட்டம் × விட்டம் × உயரம்

விட்டம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது, உயரம் ஒரு தடவைதான். உள்விட்டம் 1 மீட்டர், உயரம் 1.2 மீட்டர் உள்ள தொட்டியில் 942 லிட்டர் பிடிக்கும். உயரத்தை 5 செ.மீ. கூட்டி அளந்துவிட்டால் கணக்கில் 39 லிட்டர் கூடும். அதே 5 செ.மீ. பிசகு விட்டத்தில் வந்தால் 97 லிட்டர் கூடிவிடும். எந்த உருளையாக இருந்தாலும் முதல் கவனம் விட்டத்துக்கே.

விட்டத்தைச் சுற்றளவிலிருந்து எடுங்கள்

தொட்டியின் வாயில் டேப்பைக் குறுக்கே பிடித்து அளந்தால், டேப் நடுவில்தான் போகிறதா என்பது உறுதியில்லை. கொஞ்சம் விலகினாலும் அளவு குறையும். வெளிப்புறம் டேப்பைச் சுற்றி, வந்த சுற்றளவை 3.1416 ஆல் வகுப்பது நல்லது. சுற்றளவில் 1 செ.மீ. தப்பினாலும் விட்டத்தில் 3 மி.மீ.தான் தப்பும். தொட்டி லேசாக நசுங்கி நீள்வட்டமாக இருந்தாலும் சராசரி விட்டம் தானாகக் கிடைத்துவிடும்.

கிடைத்தது வெளிவிட்டம். இதிலிருந்து சுவரின் தடிமனை இரண்டு தடவை கழிக்க வேண்டும். புதிதாக அளப்பவர்கள் ஒரு தடவை கழித்துவிட்டு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் விட்டத்தின் இரண்டு முனையிலும் சுவர் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு சிமென்ட் உறை: சுற்றளவு 10 அடி 6 அங்குலம். 3.1416 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 அடி 4 அங்குலம். சுவர் 2 அங்குலம் என்றால் உள்விட்டம் 3 அடி.

டேப் சாய்வாகச் சுற்றினால் சுற்றளவு கூடுதலாகக் காட்டும். பிளாஸ்டிக் தொட்டிகளில் வளையம் வளையமாகப் புடைப்பு இருக்கும். அதன் மேல் சுற்றாமல், இரண்டு புடைப்புக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் சுற்றுங்கள்.

நிற்கும் உருளை

இது எளிது. 1 கன மீட்டர் 1000 லிட்டர், 1 கன அடி 28.3 லிட்டர். 3 அடி உறை போட்ட கிணற்றில் ஒவ்வொரு அடித் தண்ணீருக்கும் 200 லிட்டர். 4 அடி உறை என்றால் 356, 5 அடி என்றால் 556. உறை இறக்குமுன் இந்த மூன்று எண்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 3 அடியை 4 அடியாக்கினால், ஒரே ஒரு அடி அகலத்துக்கு முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் கூடுதலாக நிற்கிறது.

மேல்தொட்டிக்கு உயரம் அளக்கும்போது மூடிவரை அளக்கக் கூடாது. வழிந்தோடும் குழாயின் கீழ்விளிம்பு வரைதான் தண்ணீர் ஏறும். வெளியேறும் குழாய் அடியிலிருந்து சில அங்குலம் மேலே இருந்தால், அதற்குக் கீழே உள்ள தண்ணீரும் உங்களுக்குக் கிடைக்காது.

படுத்த உருளை

ஜெனரேட்டருக்கு டீசல் வைக்கும் படுக்கைத் தொட்டியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கால்வாசி உயரத்துக்கு டீசல் இருந்தால் கால்வாசித் தொட்டி என்று நினைப்பது தவறு. அடியில் தொட்டி குறுகலாகவும் நடுவில் அகலமாகவும் இருப்பதால், ஒரே ஒரு செ.மீ. மட்டம் எவ்வளவு லிட்டர் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

முதலில் தொட்டியின் முழுக் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். உயரத்துக்குப் பதில் நீளம், அவ்வளவுதான். அடுத்து, அளவுக் கம்பியை நேர்செங்குத்தாக இறக்கி ஈரம் பட்ட உயரத்தை எடுங்கள். அதை உள்விட்டத்தால் வகுத்தால் மட்டம் எத்தனை சதவீதம் என்று வரும். பிறகு இந்த அட்டவணை:

மட்டம் 10% – கொள்ளளவு 5.2%
20% – 14.2%
30% – 25.2%
40% – 37.4%
50% – 50%
60% – 62.6%
70% – 74.8%
80% – 85.8%
90% – 94.8%

உள்விட்டம் 1.2 மீட்டர், நீளம் 2.5 மீட்டர் என்றால் முழுத்தொட்டி 2827 லிட்டர். கம்பியில் 24 செ.மீ. ஈரம், அதாவது 20%. அட்டவணைப்படி 14.2%, ஏறக்குறைய 400 லிட்டர். நேரடியாக ஐந்தில் ஒரு பங்கு என்று போட்டிருந்தால் 565 என்று வந்திருக்கும். இல்லாத 160 லிட்டரை நம்பி உட்கார்ந்திருப்பீர்கள். இதே தொட்டியில் நடுமட்டத்தில் 1 செ.மீ. இறங்கினால் 30 லிட்டர் செலவு. 6 செ.மீ. மட்டத்தில் அது 13 லிட்டர்தான். டீசல் தீரும் கட்டத்தில் கம்பி 'கடகட'வென்று இறங்குவது இதனால்தான், கசிவு என்று பயப்பட வேண்டாம்.

பெட்ரோல் பங்குகளில் ஒவ்வொரு நிலத்தடித் தொட்டிக்கும் தனித்தனி டிப் சார்ட் (கம்பி மட்டத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அட்டவணை) வைத்திருப்பதற்கும் இதே கணக்குதான் அடிப்படை. தொட்டி ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ, இரண்டு முனைத் தட்டுகளும் குவிந்திருந்தாலோ அட்டவணை கொஞ்சம் விலகும். சரிந்த தொட்டியில் முடிந்தால் நீளத்தின் நடுவில் கம்பியை விடுங்கள். அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் அதையும் கம்பி டீசலாகவே காட்டும். இதற்கென்று நிறம் மாறும் பசை விற்கிறார்கள், கம்பி நுனியில் தடவி இறக்கிப் பாருங்கள்.

நடுவில் ஒரு சங்கதி: கேஸ் சிலிண்டரின் தையல்

வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரைக் கவனித்தால், வெல்டிங் தையல் இடுப்பைச் சுற்றி ஒன்றுதான் தெரியும். மேலிருந்து கீழாகத் தையலே கிடையாது. இரண்டு கிண்ணங்களாக அழுத்தி எடுத்து வாயோடு வாய் வைத்துப் பற்றவைத்த கலம் அது. உள்ளே அழுத்தம் இருக்கும்போது, உருளைச் சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை நீளவாக்கில் இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு. நெடுக்குத் தையல் போட்டிருந்தால் அந்த இரட்டிப்பு விசை முழுதும் தையலில் இறங்கும். சுற்றுத் தையலுக்குப் பாதிச் சுமைதான். விட்டம் கூடக்கூட இந்த விசையும் கூடும். அகலமான கலத்துக்குத் தடித்த தகடு தேவைப்படுவது இதனால்தான்.

என்ஜின் சிலிண்டர்: மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு

ஸ்ப்ளெண்டர் பைக்கின் பழைய என்ஜினை எடுத்துக்கொள்வோம். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5 மி.மீ. செ.மீ.யாக மாற்றிப் போடுங்கள்: 0.7854 × 5 × 5 × 4.95 = 97.2 சி.சி. (கன செ.மீ.). வண்டியின் பேப்பரில் அச்சடித்திருப்பதும் அதுவே.

தேய்மானம் பார்க்க வெர்னியர் உதவாது. அதன் உள்தாடை வளைந்த சுவரில் சரியாக உட்காராது, 0.02 மி.மீ.க்குக் கீழே காட்டவும் காட்டாது. உள்விட்டம் அளக்கும் டயல் உள்ள போர் கேஜும், வெளி அளவு எடுக்கும் மைக்ரோமீட்டரும் வேண்டும்.

பிளாக்கைக் கழுவித் துடைத்து, நிழலில் ஆறவிடுங்கள். சூடு 30 டிகிரி கூடினால் சிலிண்டரின் உள்சுவரான இரும்பு லைனரே 0.016 மி.மீ. விரியும். மைக்ரோமீட்டரை 50.00-ல் பூட்டி, அதன் இடையில் போர் கேஜை வைத்து டயலைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். கேஜை உள்ளே இறக்கி முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டும்போது, முள் ஒரு பக்கம் போய்த் திரும்பும். திரும்பும் இடம்தான் உண்மையான விட்டம். ஆட்டாமல் படித்தால் கேஜ் சாய்ந்திருந்து அளவைக் கூட்டிக் காட்டும்.

மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில், மொத்தம் ஆறு அளவு. ஒரு திசை கிராங்க் ஷாஃப்டுக்கு இணையாக, மற்றது அதற்குக் குறுக்காக. இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

மேல்: இணை 50.02, குறுக்கு 50.06
நடு: இணை 50.02, குறுக்கு 50.04
கீழ்: இணை 50.01, குறுக்கு 50.02

மேலே இரண்டு திசைக்கும் வித்தியாசம் 0.04, இது ஓவாலிட்டி, அதாவது வட்டம் நீள்வட்டமானது. குறுக்குத் திசையில் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசமும் 0.04, இது டேப்பர், அதாவது மேலே அகன்று கீழே குறுகியது. மேல்பக்கம் அதிகம் தேய்வதற்குக் காரணம் உண்டு. பிஸ்டன் அங்கே நின்று திரும்பும்போது எண்ணெய்ப் படலம் மெலிந்துபோகிறது; எரிவாயுவின் அழுத்தம் அந்த நேரத்தில்தான் உச்சம், அது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. குறுக்குத் திசையில் தேய்வது, சாய்ந்து நிற்கும் கனெக்டிங் ராடு பிஸ்டனைப் பக்கவாட்டில் தள்ளுவதால். ரிங் எட்டாத மேல் விளிம்பு தேயாமல் படியாக நிற்கும், அங்கே அளந்தால் புது சிலிண்டர் மாதிரியே காட்டும். அந்தப் படிக்குக் கீழே அளக்க வேண்டும்.

பிஸ்டனை அதன் பாவாடைப் பகுதியில், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்குக் (pin) குறுக்காக அளந்து, சிலிண்டரின் பெரிய அளவிலிருந்து கழியுங்கள். 49.97 என்றால் இடைவெளி 0.09 மி.மீ. அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் எல்லையோடு ஒப்பிட்டுத்தான் ரீபோரா (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதா), ரிங் மாற்றினால் மட்டும் போதுமா என்று முடிவெடுக்க வேண்டும். சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு செய்வது சரியல்ல.

ரீபோர் என்றால் முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு லேத்துக்குப் போங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று கிடைக்கும். டப்பாவில் எழுதிய அளவுக்குப் போர் போடாமல், பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். ரீபோரால் இழுவை கூடும் என்பது வெறும் நம்பிக்கை. 0.25 கூட்டினால் 98.2 சி.சி., முழு 1 மி.மீ. கூட்டினாலும் 101.1 சி.சி.தான்.

ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்து வந்த பிளாக்கைப் பெட்ரோலில் மட்டும் அலசி மாட்டிவிடாதீர்கள். குறுக்குக் கோடுகளுக்குள் கல்தூள் அப்படியே தங்கி, புது ரிங்கை அரைத்துவிடும். வெந்நீரில் சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரைக்கும் கழுவுங்கள். காய்ந்த உடனே என்ஜின் ஆயில் தடவிவிடுங்கள், இரும்புச் சுவரில் துரு ஏற அதிக நேரம் ஆகாது.