'ஆக' வரும் இடமெல்லாம் 'லி' வராது: ஆங்கில வினையடை எழுதும் முறை

பெயரடையின் கடைசியில் எல், வை என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் பெரும்பாலும் வினையடை கிடைத்துவிடும். ஸ்லோ, ஸ்லோலி. க்விக், க்விக்லி. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் நம் மலையகப் பிள்ளைகளுக்கு இது தெரிந்ததுதான். புள்ளி குறைவது வேறு இடத்தில்.

'நுவரெலியா அழகாக இருக்கிறது' என்பதை 'நுவரெலியா இஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதிவிடுகிறார்கள். பியூட்டிஃபுல் என்பதே சரி. தமிழில் 'அழகாக' என்று வருவதால்தான் இந்தத் தடுமாற்றம். எழுதுமுன் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே யாராவது எதையாவது செய்கிறார்களா? ஹட்டன் பஸ் வளைவில் மெதுவாக இறங்குகிறது. அது செயல், எனவே ஸ்லோலி. நுவரெலியாவோ எதையும் செய்யவில்லை. அதன் தன்மையைத்தான் சொல்கிறோம், எனவே பெயரடை. லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட் ஆகியவற்றை இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டும். தேத்தண்ணி ருசியாக இருந்தால் 'த டீ டேஸ்ட்ஸ் குட்'. தரம் பார்ப்பவர் அதைக் கவனமாகச் சுவைத்தால் 'ஹீ டேஸ்ட்ஸ் த டீ கேர்ஃபுல்லி'.

எழுத்துக்கூட்டலில் தவறுவது சில இடங்களில்தான். ஹேப்பி போன்ற சொற்களில் கடைசி வை, ஐ ஆக மாறும். ஜென்டில் என்பதில் கடைசி ஈயை எடுத்துவிட்டு வை மட்டும் போடுங்கள். கேர்ஃபுல்லி என்பதில் இரண்டு எல் வேண்டும்: ஒன்று சொல்லில் இருப்பது, மற்றது நாம் சேர்ப்பது. பேசிக் போல ஐ, சீ என்று முடிந்தால் ஏ, எல், எல், வை சேரும். பப்ளிக் மட்டும் விலக்கு, அதற்கு வெறும் எல், வை. ட்ரூலி எழுதும்போது ட்ரூவின் ஈ போய்விடும், சின்சியர்லியில் ஈ அப்படியே நிற்கும். கடித முடிவில் இவை அடிக்கடி வருவதால் எழுதிப் பழகுவது நல்லது.

ஃபாஸ்ட், ஹார்ட், லேட் மூன்றும் மாறாமலே வினையடையாகும். ஃபாஸ்ட்லி என்ற சொல்லே கிடையாது. ஹார்ட்லி உண்டு, ஆனால் பொருள் தலைகீழ்: 'ஷீ வர்க்ஸ் ஹார்ட்' என்றால் பாடுபட்டு உழைக்கிறாள், 'ஷீ ஹார்ட்லி வர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்பதுபோல. லேட்லி என்றால் அண்மைக்காலமாக. குட் என்பதற்கு வெல். ஃப்ரெண்ட்லி, 'லி' என்று முடிந்தாலும் பெயரடைதான்.

இனி, வைக்கும் இடம். நாம் 'கொழுந்தை வேகமாகப் பறிக்கிறாள்' என்று வினையை ஒட்டிச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் 'ஷீ ப்ளக்ஸ் க்விக்லி த லீவ்ஸ்' என்று எழுதாதீர்கள். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடையை நுழைக்கக் கூடாது. 'ஷீ ப்ளக்ஸ் த லீவ்ஸ் க்விக்லி' என்று கடைசியில் வையுங்கள்.