புள்ளி விழாத தெரு

போன மாதம் நான்கு இளைஞர்கள் லேப்டாப்போடு வந்தார்கள். இரண்டு பேர் நிருபர்கள், இரண்டு பேர் மென்பொருள்காரர்கள். வார்டுப் பிரச்சினைகளை மக்களே பதிவுசெய்ய ஒரு செயலி. பார்க்கப் பார்க்க, நான் ஒரு காலத்தில் செய்த தப்பெல்லாம் திரையில் வரிசையாக வந்துபோயின. எழுத்து சின்னதாக இருக்கிறது, மெதுவாகத் திறக்கிறது என்பதையெல்லாம் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

புகார் வராத தெருவை நல்ல தெரு என்று நினைப்பது

ஒரு மழைக்காலத்தில், எங்கள் நகரில் தண்ணீர் தேங்கும் இடங்களை வாசகர்களிடமே கேட்டு வரைபடம் போட்டோம். ஆன்லைன் படிவம், போட்டோ, இருப்பிடம். மூன்றே நாளில் பதிவுகள் குவிந்தன. ‘நகரமே பேசுகிறது’ என்று தலைப்பு வைத்தவன் நான்தான். புது நகர்களெல்லாம் ஒரே சிவப்புப் புள்ளி. வாய்க்கால் ஓரக் குடியிருப்பில் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த வாரம் மோட்டார் பம்புகள் எங்கே போயின என்று சொல்லவா வேண்டும்? எங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து அங்கே போனேன். முழங்கால் வரை தண்ணீர். “ஏம்மா, யாருமே எங்களுக்குச் சொல்லலையே?” என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். “வருஷா வருஷம் நிக்கிற தண்ணி தம்பி, இதைப் போயி யாராவது சேதின்னு சொல்வாங்களா?” என்றார். இதில் இன்னொரு கூத்து: எங்கள் படிவத்தில் ‘குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயர்’ என்று ஒரு கட்டம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கமே வராது!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரமும் இந்தப் பள்ளத்தைப் பார்த்தது. கார் குலுங்குவதை வைத்துச் சாலைக் குழிகளைக் கண்டுபிடிக்கும் ‘ஸ்ட்ரீட் பம்ப்’ செயலியை அங்கே கொண்டுவந்தார்கள். ஸ்மார்ட்போன் குறைவாக இருந்த ஏழைகள், முதியவர்கள் வாழும் பகுதிகளின் குழிகள் கணக்கில் வராமல் போகும் என்று புரிந்ததும், எல்லாப் பகுதிக்கும் போகும் சாலை ஆய்வாளர்கள் கையில் முதலில் கொடுத்தார்கள். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ என்ற குரல்வழிச் செய்திச் சேவை, செயலி பக்கமே போகவில்லை. சாதாரண போனில் கூப்பிட்டு, கோண்டியிலோ இந்தியிலோ பேசிப் பதிவுசெய்தால் போதும். ஆசிரியர் குழு சரிபார்த்து வெளியிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே நிருபர்.

இப்போதெல்லாம் வார்டுவாரியாக எத்தனை பதிவு என்று எண்ணாமல் எதையும் அச்சுக்கு விடுவதில்லை. எங்கே பூஜ்யமோ அங்கே நடந்தே போகிறோம், பெரும்பாலும் விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்களோடு. எந்தச் சந்தில் சாக்கடை பொங்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

மொழிபெயர்த்த படிவம்

‘குடிமைக் குறைபாட்டின் வகைமையைத் தேர்வுசெய்க’ என்றால் யார் பதில் சொல்வார்? சாக்கடையா, குப்பையா, தெருவிளக்கா என்று கேளுங்கள்.

புகார் சொன்னவரின் எண்ணை வெளியே காட்டுவது

வேண்டவே வேண்டாம்.

கிராம சபையை விட்டுவிட்டு ஆன்லைன் சபை கூட்டுவது

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு கிராம சபை. சட்டப்படி தீர்மானம் போடும் இடம் அது. நம் நிருபர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உட்கார்ந்து பாருங்கள்: கையெழுத்துப் போட்டவர் எத்தனை பேர், அதில் வாய் திறந்து பேசிய பெண்கள் எத்தனை பேர்? அப்புறம், தீர்மான நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆயிற்று என்பதை அடுத்த சபைக்கு முன் செய்தியாக்குங்கள். இதற்குச் செயலியே தேவையில்லை.

பதிவிறக்க எண்ணிக்கையைக் கொண்டாடுவது

விளம்பரதாரரிடம் காட்டலாம்.

திரும்பிப் போகாமல் இருப்பது

கிளம்பும்போது அந்த நான்கு பேரிடமும் ஒன்று கேட்டேன். “புகார் கொடுத்த பாட்டிக்கு, அது என்ன ஆச்சுன்னு யாருப்பா போய்ச் சொல்லப்போறீங்க?” ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நோட்டிஃபிகேஷன் போயிடும் சார்,” என்றான் ஒருவன்.